செண்பகவல்லி கொடுத்த ஒன்பது வரி

கையில வச்சிருக்கீகளே அண்ணாச்சி, அது கவிதைப் புஸ்தகம்தான? பஸ்ஸுல ஏறி உக்காந்ததுமே கண்டுபிடிச்சிட்டேன். வரி பாதியில நின்னு போயிருது, மிச்ச இடமெல்லாம் வெள்ளையாக் கெடக்கு. ராஜபாளையத்துல இருந்து பாத்துக்கிட்டு வாரேன், ஒரே பக்கத்தையே வச்சுக்கிட்டு இருக்கீக. நடுநடுவுல ஜன்னல் வழியா வெளியே வேற பாக்கீக. தப்பா நெனைக்காதீக. நீங்க படிக்கிற முறை சரியில்ல.

புதுசாப் படிக்கிறவுக எல்லாரும் செய்யுற தப்புதான். எடுத்த எடுப்புல கவிதை என்ன சொல்லுதுன்னு பாக்கீக. அப்படிப் பாக்கவே கூடாது. அது ஏழாவது படி. அதுக்கு முன்னால ஆறு படி ஏறணும். நான் முறையாப் படிச்சவன், அதனால சொல்லுதேன்.

எம் பேரு கோமதிநாயகம். சங்கரன்கோவில். மின்வாரியத்துல வேலை, வீடு வீடாப் போயி மீட்டர்ல ரீடிங் எடுக்கிறவன். படிக்கிறதுதான் நம்ம தொழிலேன்னு வச்சுக்கிடுங்களேன். அரசாங்க உத்தியோகம், சொந்த வீடு, வீட்ல அம்மா மட்டும். குடிக்க மாட்டேன். பீடி சிகரெட்டு கிடையாது. எல்லாம் இருந்தும் எனக்கு ஒரு அநியாயம் நடந்து போச்சு அண்ணாச்சி. கவிதையாலதான். நான் ஒழுங்காப் படிச்சதாலதான். கல்லுப்பட்டி வர இன்னும் நேரம் இருக்குல்லா, கேளுங்க.

போன தை மாசம் தரகர் ஒருத்தர் கோவில்பட்டியில ஒரு இடம் கொண்டு வந்தாரு. பொண்ணு பேரு செண்பகவல்லி. எம்.ஏ. தமிழ் படிச்சிட்டு ஒரு தனியார் பள்ளிக்கூடத்துல டீச்சர். அவுக அப்பா சண்முகவேல், சின்னதா ஒரு தீப்பெட்டி ஆபீஸ், தீப்பெட்டி செய்யுற கம்பெனிதான், வச்சு நடத்துறாரு. கறாரான மனுஷன். வீட்ல அவரு பேசுனா மத்தவுக பேச மாட்டாக. ஆனா என்னையப் பாத்ததும் எந்திரிச்சு வந்து கையப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போனாரு. மின்வாரியம்னா சும்மாவா?

காப்பி குடிச்சாச்சு. பொண்ணு வந்து கும்பிட்டுட்டுப் போயாச்சு. இந்தக் காலத்துப் பிள்ளைக, ரெண்டு வார்த்தை பேசட்டும்னு மொட்டை மாடிக்கு அனுப்புனாக. பத்து நிமிஷம். அதுலயும் பொண்ணோட அத்தை ஒருத்தி, காய்ஞ்ச வத்தல அள்ளுற மாதிரி மாடிப்படி ஓரமாவே நின்னுக்கிட்டு இருந்தா. அள்ளுதா, மறுபடி பரப்புதா. வத்தலு தீரவே இல்ல.

நான் என்ன பேச? எங்க ஆபீஸ் பத்திச் சொன்னேன். டிஜிட்டல் மீட்டர் வந்த பெறகு வேலை சுலபமாயிருச்சுன்னு சொன்னேன். அந்தப் பிள்ள கண்ணு அத்தை மேலயே இருந்துச்சு. அத்தை அந்தப் பக்கம் திரும்புனப்போ நாலா மடிச்ச ஒரு நோட்டுத் தாள எங் கையில வச்சுட்டு மெதுவாச் சொல்லிச்சு: "இதப் படிச்சுப் பாருங்க. புரிஞ்சா, நீங்களே எங்க வீட்ல சொல்லிருங்க."

அவ்வளவுதான் சொல்லிச்சு. கீழே போயிருச்சு.

மனப்பாடமாத் தெரியும் அண்ணாச்சி. ஒன்பது வரி.

வாசலுக்கு வந்தவரே,
இந்த வீட்டில் என் சொல்
சுவரைத் தாண்டுவதில்லை.
வேண்டாம் என்று செடி சொன்னால் யாருக்கும் கேட்காது,
பறிக்க வந்தவர் சொன்னால் கேட்கும்.
ஒரு சொல் சொல்லிவிட்டுப் போங்கள்.
என் மனம் வேறோர் ஊரில்
எனக்கு முன்னே போய்க்
குடியேறிவிட்டது.

என்ன, அப்படிப் பாக்கீக? நீங்க ஏதோ புரிஞ்ச மாதிரி தலையாட்டுதீக. அதத்தான் சொன்னேன், ஏழாவது படிக்குத் தாவக் கூடாதுன்னு. எனக்கு ஒண்ணும் விளங்கல. எம்.ஏ. படிச்ச பிள்ள, மாப்பிள்ளைக்கு இலக்கிய ஞானம் இருக்கான்னு சோதிச்சுப் பாக்குதுன்னு மட்டும் தெரிஞ்சது. புரிஞ்சா எங்க வீட்ல சொல்லுங்கன்னா என்ன அர்த்தம்? எல்லாரு முன்னாலயும் விளக்கம் சொல்லணும்னு அர்த்தம். நான் பள்ளிக்கூடத்துல தமிழ்ல முப்பத்தெட்டு மார்க்கு. ஆனா பின்வாங்குற ஆளு இல்ல. எங்க அம்மா அன்னைக்கே சம்மதம்னு சொல்லிட்டாக. நான் மட்டும், பொண்ணு ஒரு இலக்கியப் பொறுப்பு கொடுத்திருக்கு, அத முடிச்சிட்டு வாரேன்னு தரகர்கிட்ட சொல்லி மூணு வாரம் நேரம் கேட்டேன். அதுக்கே அந்தத் தரகரு ஒரு மாதிரியாப் பாத்தாரு.

எங்க ஊருல டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் மாடியில பேராசிரியர் உலகநாதன்னு ஒருத்தர் ஞாயித்துக்கிழமை வகுப்பு எடுக்காரு. காலேஜுல முப்பது வருஷம் தமிழ் சொல்லிக் கொடுத்தவரு. 'கவிதை நயம் காணும் பயிற்சி, தொடக்க நிலையினருக்கு'ன்னு போர்டு தொங்கும். வாரவுக எல்லாம் பரீட்சைக்குப் படிக்கிறவுக. உண்மையிலேயே கையில ஒரு கவிதையோட போனவன் நான் ஒருத்தன்தான். அவருக்கே ஆச்சரியம்.

மொத வகுப்புல தாள வாங்கித் தலைகீழாக் கவுத்து மேசையில வச்சுட்டாரு. படிக்காதீரும், முதல்ல எண்ணும்னாரு. எத்தனை வரி, வரிக்கு எத்தனை சீரு, எங்க மோனை, எங்க எதுகை. எதுகை ஒண்ணும் சரியா அகப்படல. அதுவும் ஒரு நுட்பம்தான்னாரு. கவிஞர் வேணும்னே விட்டிருக்காராம். எழுதிக்கிட்டேன். ரெண்டாம் வகுப்பு அணி. செடி உவமையா, உருவகமா? அதுக்கே ஒரு மணி நேரம் ஆச்சு. அப்புறம் திணை. வாசல்ல வந்து ஒருத்தர் நிக்காரு, அதனால முல்லை. பூப் பறிக்க வாராரு, அதனால குறிஞ்சி. ஊரை விட்டுப் போறதப் பத்தி வருது, அதனால பாலை. ஒரே பாட்டுல மூணு திணை மயங்குது கோமதிநாயகம், இது சாதாரணப் பிள்ளை இல்லைன்னாரு. எனக்குப் பெருமை தாங்கல.

அந்த 'வேண்டாம்'கிற சொல்லுதான் எனக்குக் கொஞ்சம் இடிச்சது. கேட்டேன். அவரு சிரிச்சாரு. எதிர்மறையில சொல்லி உடன்பாட்டை உணர்த்துறது மரபு, தலைவி வேண்டாம்னு சொன்னா வேணும்னுதான் கொள்ளணும், நாணம் அப்படித்தான் பேச வைக்கும்னு விளக்குனாரு. அதுக்கு மட்டும் ஒன்றரைப் பக்கம் எழுதுனேன்.

வாசல்னா வெறும் வாசல் இல்ல அண்ணாச்சி. உடம்புக்கு ஒன்பது வாசல். கவிதை எத்தனை வரி? ஒன்பது. உங்களுக்கு இப்ப மயிர்க்கூச்செறியுதா இல்லையா? எனக்கு அன்னைக்குக் கூச்செறிஞ்சது. வாசலுக்கு வந்தவர் இறைவன். செடி ஆன்மா. சுவர் மாயை. வேறோர் ஊர்னா வீடுபேறு. எல்லாம் மணி மணியாப் பொருந்திருச்சு.

எங்க யூனியன் கிளைச் செயலாளர் இசக்கிமுத்து இதப் பாத்துட்டு ஒத்துக்கிட மாட்டேன்னுட்டாரு. செடி பாட்டாளி, பறிக்க வந்தவன் முதலாளி, வேறோர் ஊர்ங்கிறது புலம்பெயர் தொழிலாளர் பிரச்சினைன்னு அவரு வாதம். அப்பா தீப்பெட்டி ஆபீஸ் நடத்துறாருன்னு சொன்னதும், பாத்தீரா நான் சொன்னது சரியாப் போச்சான்னாரு. அவரையும் விட முடியாது, நாளைக்கு ட்ரான்ஸ்ஃபர்னு வந்தா அவருதான பேசணும். அதனால அத மூணு பக்கம் பிற்சேர்க்கையாச் சேத்துக்கிட்டேன்.

நடுவுல ஒரு நா, சாயங்காலம், தெரியாத நம்பர்ல இருந்து போன். செண்பகவல்லிதான். கூட வேலை பாக்குற டீச்சரோட போனு. படிச்சீங்களான்னு கேட்டுச்சு. படிச்சிக்கிட்டே இருக்கேன், போகப் போக ஆழமாப் போகுதுன்னேன்.

அதுக்கு அந்தப் பிள்ள, "அவ்வளவு ஆழத்துல இல்லைங்க, மேலாகவே இருக்கு. ஒரே ஒரு தடவை படிங்க, போதும்"னு சொல்லிச்சு. வச்சிருச்சு.

பேராசிரியர்ட்ட சொன்னேன். அதுக்குப் பேரு அவையடக்கம்னாரு. பெரிய கவிஞருக எல்லாம் அப்படித்தானாம். அவையடக்கத்துக்கு அரைப் பக்கம் எழுதுனேன்.

மாசி மாசம் நிச்சயதார்த்தம் வச்சாக. எங்க பக்கத்துல இருந்து ரெண்டு வேன். அவுக வீட்டு ஹால்ல ஜமுக்காளம் விரிச்சு, பழம், வெத்தலை, சேலைன்னு தட்டு வரிசையா வச்சிருக்கு. நாப்பது அம்பது பேரு. தட்டு மாத்துறதுக்கு முன்னால நான் எந்திரிச்சு, ஒரு அஞ்சு நிமிஷம் பேசணும்னேன். எங்க அம்மா என் சட்டையப் பிடிச்சு இழுத்தாக. சண்முகவேல் மாமாதான், மாப்பிள்ளை பேசட்டும், படிச்சவரு பேசட்டும்னு சந்தோஷமாச் சொன்னாரு. அவரு அப்ப வரைக்கும் மாப்பிள்ளைன்னுதான் கூப்பிட்டாரு, அதக் குறிச்சுக்கிடுங்க.

நான் எந்திரிச்சப்ப செண்பகவல்லி தலையத் தூக்கி என்னையப் பாத்துச்சு அண்ணாச்சி. அன்னைக்குத்தான் மொத மொதலா முழுசாப் பாத்துச்சு. அந்த முகத்துல அப்படி ஒரு தெளிச்சி. ரொம்ப நாளாக் கரண்டு இல்லாத வீட்டுக்கு லைன் குடுத்த மாதிரி. நான் கொண்டு போன பைலப் பிரிச்சேன். பதினாலு பக்கம். அதப் பாத்ததும் என்னமோ, அந்தப் பிள்ள மறுபடி தலையக் கவுத்துக்கிடுச்சு. கூச்சம்.

மொதல்ல கவிதையச் சத்தமா, நிறுத்தி நிறுத்திப் படிச்சேன். வாய்விட்டுப் படிக்கிறது தொடக்க நிலையில கூடாதுன்னு பேராசிரியர் சொல்லியிருந்தாரு. ஆனா சபையில வேற வழியில்லையே. இதை எழுதினது வேற யாருமில்ல, நம்ம மணப்பொண்ணுதான்னு சொன்னேன். எங்க சித்தப்பா கை தட்டுனாரு. அப்புறம் மொத பக்கம், யாப்பு. ரெண்டாம் பக்கம், அணி. மூணாவது பக்கம் திணை மயக்கம். ஆளுக லேசா நெளிய ஆரம்பிச்சாக, பந்தி நேரமாச்சுல்லா. நான் விடல.

சண்முகவேல் மாமா துண்டால விசிறிக்கிட்டே இருந்தவரு, விசிறுறத நிறுத்திட்டாரு. அவரு எங்க யாப்பக் கேட்டாரு? மொதல்ல படிச்சேன்ல, அந்த இடத்துலயே நின்னுட்டாரு போல. "மாப்பிள்ளை, அந்தப் பாட்டை மட்டும் இன்னொரு தடவை படிங்க"ன்னாரு. படிச்சேன். கடேசி மூணு வரிய மட்டும் மறுபடி படிக்கச் சொன்னாரு. அதையும் படிச்சேன். நல்ல ரசிகருன்னு நெனச்சேன்.

அவரு மகளப் பாத்துத் திரும்புனாரு. "எந்த ஊரும்மா?"ன்னு கேட்டாரு.

அந்தப் பிள்ள நிமிரவே இல்ல. "கோயம்புத்தூர்ப்பா."

"யாரு?"

"யாருமில்லப்பா. படிப்பு. யுனிவர்சிட்டியில ஆராய்ச்சிக்கு இடம் கிடைச்சிருக்கு. கார்த்திகையிலயே சொன்னேன். மறுபடியும் சொன்னேன். நீங்க காதுல வாங்கல."

எனக்குப் பகீர்னு ஆயிருச்சு. அர்த்தம் எங்கயோ தடம் மாறிப் போகுதேன்னுதான். நான் குறுக்க பூந்து, மாமா, ஊர்ங்கிறது இங்க கோயம்புத்தூர் இல்ல, வீடுபேறு, ஆறாம் பக்கத்துல வருது, கொஞ்சம் பொறுத்தீகன்னா எல்லாம் விளங்கிரும்னேன்.

அவரு எம் பக்கம் திரும்பிக் கையக் கூப்பினாரு. "போதும் தம்பி. புரிஞ்சிருச்சு."

தம்பி. கேட்டீகளா? தம்பின்னுட்டாரு.

தட்டு அப்படியே இருந்துச்சு. யாரும் மாத்தல. எங்க பக்கத்துப் பெருசுக கத்துனாக, அவரு ஒவ்வொருத்தர்கிட்டயும் போயி மன்னிப்புக் கேட்டாரு. சாப்பிடாமப் போகக் கூடாதுன்னு எல்லாரையும் உக்காத்தி வச்சு, அவரே வாளியத் தூக்கிக்கிட்டுச் சாம்பார் ஊத்துனாரு. என் இலைக்கு வந்தப்போ ரெண்டு கரண்டி சேத்து ஊத்துனாரு. நான் சொல்லுதேன் அண்ணாச்சி, அந்த மனுஷன் ஆயுசுல ஒரு கவிதை படிச்சவரு இல்ல. தீப்பெட்டி லேபிளத் தாண்டி எதையும் வாசிச்சவரு இல்ல. அவரு பாட்டுக்கு ஆறு படியையும் விட்டுட்டு நேரா ஏழாவது படியில போயி நின்னுக்கிட்டு, புரிஞ்சிருச்சுங்காரு. இது முறையா? பதினாலு பக்கத்துல மூணு பக்கம் கூட முழுசாப் படிக்க விடல. பேராசிரியர்ட்ட சொன்னப்போ, அது பக்குவமில்லாத வாசிப்பு, பாமரத்தனம்னு ஒரே வார்த்தையில சொல்லிட்டாரு.

கிளம்புறப்ப செண்பகவல்லி வாசலுக்கு வந்துச்சு. கண்ணெல்லாம் சிவந்து போயிருந்துச்சு, ஆனா முகம் சிரிச்சுச்சு. உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலன்னுச்சு. அது சகஜம், நல்ல விமர்சனம் கெடச்சா எழுதுறவுகளுக்குக் கண்ணு கலங்கத்தான் செய்யும். ஆனாலும் எனக்கு மனசு ஆறல. கோயம்புத்தூர்தான்னா அத ஒரு லெட்டரா எழுதித் தந்திருக்கலாமே, எதுக்குக் கவிதைன்னு கேட்டுட்டேன்.

"எங்க வீட்ல லெட்டர்னா ஆளாளுக்குப் பிரிச்சுப் படிச்சிருவாங்க. கவிதைன்னா யாரும் படிக்க மாட்டாங்க. அதான்" அப்படின்னுச்சு.

பாருங்களேன், எம்.ஏ. படிச்ச பிள்ள. கவிதையப் பத்தி அதுக்கே இவ்வளவு கீழான அபிப்பிராயம்.

ஆனியில கோயம்புத்தூர் போயிருச்சாம். அவுக அப்பாதான் கூடப் போயி ஹாஸ்டல்ல விட்டுட்டு வந்தாராம். தரகர் சொன்னாரு. இப்பவும் யாராவது கேட்டா, சங்கரன்கோவில் தம்பி ஒருத்தர் வந்து விளக்கமாச் சொன்னாரு, அதுக்கப்புறம்தான் எம் மக என்ன சொல்லுதான்னே எனக்குத் தெரிஞ்சதுன்னு தீப்பெட்டி ஆபீஸ்ல உக்காந்து சொல்லுதாராம். ஆக என் விளக்கத்தாலதான் புரிஞ்சதுன்னு அவரே ஒத்துக்கிடுறாரு. பெறகு ஏன் மிச்சத்தக் கேக்கல? அதான் என் வருத்தம்.

என்ன கேட்டீக? சத்தமாக் கேளுங்க அண்ணாச்சி, இந்த டிரைவரு ஹாரன விட மாட்டேங்கான்.

ம். எங்க அம்மாவும் இதத்தான் கேட்டாக. திரும்பி வாரப்ப வேன்ல, கழுகுமலை தாண்டுற வரைக்கும் அம்மா ஜன்னலப் பாத்தே வந்தாக. அப்புறம் என்னையப் பாக்காமலே, "மொத தடவை படிச்சப்பவே உனக்குத் தெரியலையால?"ன்னாக. நான், இலக்கியம் உங்களுக்குப் புரியாதும்மான்னு சொல்லிட்டேன்.

உங்கள இனிமே நான் எங்க பாக்கப் போறேன். உங்கட்டச் சொல்லலாம்.

அன்னைக்குப் பொண்ணு பாத்துட்டு, அம்மாவையும் சித்தப்பாவையும் கார்ல அனுப்பி வச்சுட்டு, டூட்டி இருக்குன்னு சொல்லி நான் தனியா பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். டீக்கடை பெஞ்சுல உக்காந்து தாளப் பிரிச்சேன். சின்னச் சின்ன எழுத்து, அடித்தல் திருத்தல் இல்லாம இருந்துச்சு. ஒரே ஒரு தடவதான் படிச்சேன். ஒன்பது வரி, எவ்வளவு நேரம் ஆகும்? கடேசி வரிக்கு வந்ததும் தாள மறுபடி நாலா மடிச்சுச் சட்டைப் பையில வச்சுட்டேன். டீ சொல்லியிருந்தேன், ஆறி ஆடை படிஞ்சு போச்சு. கடைக்காரன் வேற போடவான்னு கேட்டான். ரெண்டு பஸ்ஸ விட்டேன்.

எனக்கு முப்பத்தாறு வயசு அண்ணாச்சி. அதுக்கு முன்னால பதினோரு இடம் பாத்தாச்சு. பதினோரு இடத்துலயும் அவுகதான் வேண்டாம்னாக. இந்த ஒரு வீட்லதான் எந்திரிச்சு வந்து கையப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போனாக.

மறுநாள் விடிஞ்சதும் பேராசிரியர் வீட்டுக் கதவத் தட்டுனேன். ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுக்க முடியல. தாளக் கையில கொடுத்து, சார், இதப் படிச்சா இப்படித்தான அர்த்தம் வருதுன்னு எனக்குத் தோணுனத அப்படியே சொன்னேன். அவரு மூக்குக் கண்ணாடியக் கழட்டித் தொடச்சுக்கிட்டே, "கவிதை ஒருநாளும் சொல்ல வந்தத நேரடியாச் சொல்லாது கோமதிநாயகம். உமக்குத் தோணுன அர்த்தம் மட்டும் நிச்சயமா இருக்காது"ன்னு சொன்னாரு.

அன்னைக்குத்தான் நான் நல்லாத் தூங்குனேன்.